ஆறாம் நாற்காலிக்கான தட்டு

மூடியைத் தூக்கியபோது தட்டு காலியாக இருந்தது.

சமையலறையில் யாரோ உணவை வைக்க மறந்துபோன காலி அல்ல அது. அப்படி வரும் தட்டு உலர்ந்து பளபளவென்று இருக்கும். இது ஈரமாக இருந்தது. சூடு இன்னும் அடங்கவில்லை. விளிம்பைச் சுற்றி வெண்ணெய் மினுமினுத்தது. மீன் இருந்த இடத்தில் மீன் வாசனை மட்டும் இருந்தது. நடுமுள் இல்லை, தலை இல்லை, அலங்காரத்துக்குச் செருகியிருக்கும் மரக்குச்சி இல்லை, எலுமிச்சைத் துண்டின் தோல்கூட இல்லை. அவன் மூடியைத் திரும்பக் கவிழ்த்து, மூன்று எண்ணிவிட்டு மறுபடி தூக்கினான். ஒன்பது மாதமாக ஒரு நாள்கூட விடுப்பில்லாமல் நின்றுகொண்டே வேலை செய்தவனுக்குத் தன் கண் மேல் அவ்வளவாக நம்பிக்கை இருக்காது.

காலிதான்.

“மாமா, ஆறாம் சீட்டு மீனை எடுத்தீங்களா?”

உதவி வெயிட்டர் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து தலையை நீட்டினார். ஐம்பது வயதுக்காரர். கப்பலில் எல்லோருக்கும் மாமா. “நானா? முள்ளு, தலை, குச்சி எல்லாத்தையும் தின்னுட்டுப் போக நான் என்ன பூனையாடா, நெட்டை?”

“பூனைகூட குச்சியைத் தின்னாது மாமா.”

“அப்ப உனக்குத்தான் தூக்கம் பத்தல. இன்னும் நாலு நாள். கரையில எறங்கிப் போய் நல்லாத் தூங்கு.”

நாலு நாள் என்றதும் அவன் தட்டை விட்டுவிட்டான். அழுக்குத் தட்டுகளுக்கு அடியில் அதைச் செருகினான். பசி வயிற்றைப் பிறாண்டியது. இரவு வேலை முடிந்து, பணியாளர் சாப்பாட்டறையில் ஆடை படிந்த குழம்பையும் காய்ந்த சோற்றையும் தின்றான். அன்று அதற்கு மேல் அதைப் பற்றி யோசிக்கத் தெம்பில்லை.

அந்தத் தட்டு யாருக்கு வந்தது என்பதைச் சொல்ல வேண்டுமென்றால், நாற்காலிகளுக்கு எண் உண்டு என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பெரிய பயணிகள் கப்பலில், ஐந்நூறு பேர் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிடும் கூடத்தில், “மீன் யாருக்கு?” என்று மேசையில் கேட்பது வெயிட்டருக்குப் பெரிய அவமானம். கேட்காமலேயே ஒவ்வொருவர் முன்னாலும் சரியான தட்டு இறங்க வேண்டும். அதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. ஒவ்வொரு மேசையிலும், சமையலறைக் கதவுக்கு முதுகு காட்டியிருக்கும் நாற்காலிதான் ஒன்று. அங்கிருந்து கடிகாரம் சுற்றும் திசையில் இரண்டு, மூன்று என்று போகும். வெயிட்டர் பெயர் எழுத மாட்டான். எண்ணைத்தான் எழுதுவான். சுவரோரமிருக்கும் கருவியில் தன் பணியாளர் அட்டையைச் செருகி, மேசை எண், நாற்காலி எண், உணவு, இந்த மூன்றையும் தட்டுவான். சமையலறையில் சீட்டு அச்சாகி விழும். சூட்டு விளக்குகளுக்குக் கீழே நிற்கும், ‘லவுட் ஸ்பீக்கர்’ என்று எல்லோரும் கூப்பிடும் ஆள் அதைக் கூவுவார். ஆறு கண்டத்துச் சமையல்காரர்களும் அவர் குரலுக்குக் கட்டுப்பட்டவர்கள். தட்டு தயாரானதும் மூடி கவிழ்த்து, மூடியின் குமிழில் எண் ஒட்டி அனுப்புவார்கள். சமையலறைக்கு மனிதர்களைத் தெரியாது. எண்களை மட்டும்தான் தெரியும்.

முப்பத்தொன்றாம் மேசை அவனுடையது. கூடத்தின் இடது ஓரம், ஜன்னலையொட்டி, ஆறு நாற்காலிகள். இந்தப் பயணத்தில் ஐந்து பேர்தான் வந்தார்கள். ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர், அவர் மனைவி, சாப்பாடு வந்தால் மட்டும் சண்டையை நிறுத்தும் அக்கா தங்கை இருவர், ஐந்தாம் நாற்காலியில் தனியாக வந்திருந்த பல் டாக்டரம்மா. ஆறாம் நாற்காலிக்காரர் கப்பலிலேயே ஏறவில்லை.

ஏறாதவர் விஷயத்தில் வெயிட்டர் செய்ய வேண்டியவை மூன்று. கருவியில் ‘வரவில்லை’ என்று பதிய வேண்டும். விரித்து வைத்த கத்தி, கரண்டி, குவளை எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். நாற்காலியையே தூக்கிக்கொண்டு போய்க் கிடங்கில் வைக்க வேண்டும். ஆளில்லாத நாற்காலிக்கு முன்னால் துணி மடித்து வைத்திருந்தால் சாப்பிடுகிறவர்கள் கண் அங்கேயே போகும்.

முதல் மாலை அவன் இந்த மூன்றையும் செய்யவில்லை. கிடங்கு இரண்டு தளம் கீழே இருந்தது. கால் வலித்தது. கூடவே இன்னொரு நினைப்பும் வந்தது. அந்த எண்ணுக்குச் சீட்டு போனால் தட்டு வரும். அதைத் தடுப்புக்குப் பின்னால் நின்று நாலு நிமிடத்தில் தின்றுவிடலாம். எல்லா வெயிட்டரும் எப்போதாவது செய்கிற திருட்டுதான் இது. அவன் தினமும் செய்தான். விருப்பங்கள் என்று கருவியில் ஒரு கட்டம் உண்டு. ஒருமுறை தட்டினால் பயணம் முடியும்வரை அதை நினைவில் வைத்திருக்கும். அதில் தன் வாய்க்கு ஏற்றதைத் தட்டினான். எலுமிச்சை கூடுதல். வெண்ணெய் குறைவு. மிளகுக் குழம்பு தனியாக.

இப்படியாக ஆறாம் நாற்காலிக்கு ஒரு நாக்கு உண்டாயிற்று.

காலித் தட்டு வந்ததற்கு மறுநாள், பயணத்தின் ஆறாம் மாலை, ஆறு மணிக்குக் கூடம் திறந்தது. வெயில் ஜன்னல் வழியாக மேசைத்துணி மேல் படுத்துக் கிடந்தது. தட்டும் கரண்டியும் மேசையில் இறங்கும் சத்தம் வராதபடி துணிக்கு அடியில் கம்பளி விரித்திருப்பார்கள். அதனால் அந்தக் கூடத்தில் எப்போதும் ஒரு மந்தமான முணுமுணுப்புதான் இருக்கும். அதற்கும் அடியில், செருப்பைத் தாண்டிக் குதிகாலில் ஏறும் என்ஜினின் அதிர்வு. அன்று காலைதான் வீட்டோடு பேசியிருந்தான். அந்தச் சந்தோஷம் முகத்தில் ஒட்டியிருந்தது போலும்.

“என்ன தம்பி, இன்னைக்கு ஒரு சுத்து ஒசந்து தெரியறீங்க?” என்றார் பல் டாக்டரம்மா.

“பொண்ணுகிட்ட பேசினேன் மேடம். அஞ்சு வயசு. இந்தக் கப்பல் போய் நிக்கிற துறைமுகம்தான் எங்க ஊரு. அவளும் அவங்கம்மாவும் வருவாங்க.”

“ஒன்பது மாசம் ஆச்சுன்னீங்களே. அடையாளம் தெரியுமா குழந்தைக்கு?”

அவன் ரொட்டிக் கூடையை இறக்கி வைத்தான். அதே கேள்வியைத்தான் மகளும் கேட்டிருந்தாள். அப்பா எப்படி இருப்பாருன்னு மறந்துபோச்சு, வேற யாராவது வந்து அப்பான்னு சொன்னா நான் என்ன பண்றது என்று. அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அதனால் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள்.

“கையை நீட்டுன்னு சொல்லியிருக்கேன் மேடம். அஞ்சு விரலையும் விரிச்சு நீட்டணும். யாரு கட்டைவிரல்ல ஆரம்பிச்சு வரிசையா ஒவ்வொண்ணுக்கா முத்தம் குடுக்கறாங்களோ, அவர்தான் அப்பா. சின்னக் குழந்தையில இருந்து நான் அப்படித்தான் குடுப்பேன். வேற யாருக்கும் தெரியாது.”

“இப்ப எங்களுக்குத் தெரிஞ்சுபோச்சே!” என்று ரயில் ஓட்டுநர் சொல்ல, மேசையே சிரித்தது.

ஐந்து பேர் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கிய பிறகு ஆறாவதாக ஒன்று, கொஞ்சம் தாமதித்து, தொண்டைக்குள்ளேயே அடங்கியது போல அவனுக்குத் தோன்றியது. திரும்பிப் பார்த்தான். காலி நாற்காலி. விரித்த துணி. கண்ணாடிக் குவளையில் தண்ணீர் பாதிதான் இருந்தது.

மாமா நிரப்பும்போது முழுதாகத்தான் நிரப்புவார்.

தட்டுகள் வந்தன. ஆறாம் எண் ஒட்டிய மூடியை அவன் மேசைக்குக் கொண்டுபோகாமல், வழக்கம் போலத் தடுப்புக்குப் பின்னால் இருந்த பரிமாறும் அலமாரியில் வைத்தான். கப்பல் ஆடினாலும் தட்டு வழுக்காதபடி அதன் விளிம்பு உயர்ந்திருக்கும், மேலே ஈரத்துணி விரித்திருக்கும். ஐந்து பேருக்கும் குழம்பு ஊற்றிவிட்டு வருவதற்கு இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். மூடியைத் தூக்கினான்.

காலி. கோழிக்காலின் எலும்பு இல்லை. எலும்பின் நுனியில் சுற்றி வைக்கும் காகிதக் குஞ்சமும் இல்லை.

ஈரத்துணியின் ஓரத்தில் ஒரு கடி இருந்தது.

கடி என்று அவன் ஒத்துக்கொள்ளவில்லை. பழைய துணி, எங்கேயோ மாட்டிக் கிழிந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டான். துணியைத் திருப்பிப் போட்டான். காபி பரிமாறும்போது டாக்டரம்மா அவனை விரலசைத்துக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

“தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. பக்கத்து சீட்டுக்காரர் ரொம்பத் தன்மையானவர்தான். ஆனா சாப்பிடறப்ப அந்த நறநறன்னு ஒரு சத்தம்... முப்பது வருஷமா பல்லு பாக்கறவ நான், எனக்கே கூசுது. அப்படிக் கடிச்சா பல்லு நிக்காதுன்னு பக்குவமா நீங்களே சொல்லுங்களேன்.”

“எந்த... யாரு மேடம்?”

அவர் பக்கத்து நாற்காலியைக் கண்ணால் காட்டினார். “இப்பத்தானே எழுந்து போறாரு.”

நாற்காலி மேசையிலிருந்து ஓரடி தள்ளியிருந்தது. உட்காரும் மெத்தையின் நடுவே ஒரு பள்ளம். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெதுவாக, மாவு பொங்குவது போல, மேலே எழும்பிச் சமமாயிற்று. துணி கசங்கிக் கிடந்தது. அதைத் தொட்டான். இளஞ்சூடு.

அன்று சாப்பாட்டறைக்குப் போகவில்லை. படுக்கையில் கால்களைச் சுவரில் தூக்கி வைத்துக்கொண்டு கண்ணைத் திறந்தபடி கிடந்தான். களைப்பு என்பது ஒரு நல்ல விளக்கம். அது எதையும் மூடிவிடும். டாக்டரம்மா வேறு மேசைக்காரர் யாரையாவது பார்த்திருப்பார். மெத்தை பழசு. சூடு ஜன்னல் வெயிலால் வந்தது. இன்னும் மூன்று நாள். மூன்று நாளைக்கு மனிதன் எதையும் தாங்குவான்.

ஏழாம் மாலை அவன் ஆறாம் எண்ணுக்கு எதையும் பதியவில்லை. ஐந்து தட்டுக்குத்தான் சீட்டு போட்டான். இரண்டு முறை சரிபார்த்தான். ஐந்து.

சமையலறைக்கு இரண்டு கதவுகள். ஒன்று உள்ளே போக, ஒன்று வெளியே வர. தப்பான கதவில் கால் வைத்தால் பத்துத் தட்டு தூக்கி வரும் ஆள் மேல் மோத வேண்டியதுதான். சரியான கதவில் போய் வரிசையில் நின்றான். நீராவி, கருகிய வெண்ணெய், கிருமிநாசினி எல்லாம் சேர்ந்த வாசனை முகத்தில் அறைந்தது. லவுட் ஸ்பீக்கர் சீட்டைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக் கூவினார். “முப்பத்தொண்ணு! ஆறு தட்டு!”

“அஞ்சுண்ணே.”

“சீட்டுல ஆறு இருக்கு. ஒன் அட்டையிலதான் வந்திருக்கு. பாரு.”

பார்த்தான். அவனுடைய பணியாளர் எண்தான். ஒன்று முதல் ஐந்து வரை அவன் தட்டியது. அதற்குக் கீழே ஆறு. எலுமிச்சை கூடுதல், வெண்ணெய் குறைவு, மிளகுக் குழம்பு தனியாக. அவன் விருப்பங்கள். அவற்றுக்கு அடியில் அவன் தட்டாத ஒரு வரி.

எலும்போடு.

“ஏன்டா மூஞ்சி வெளுத்துப்போச்சு?” என்றார் லவுட் ஸ்பீக்கர், அவருக்கு முடிந்த அளவு மெதுவாக. “போ, ஆறிப்போகுது.”

போனான். வேறு என்ன செய்வது? பின்னால் எட்டு வெயிட்டர்கள் நின்றிருந்தார்கள். தோளில் தட்டைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குள் நுழைந்தபோது அவனுக்குத் தோன்றியதெல்லாம் ஒன்றுதான். ஹால் மேனேஜரிடம் போய்ச் சொல்லலாம். என்னவென்று சொல்வது? நாலு நாள் இல்லாத ஆள் பேரில் தின்றேன், இப்போது அந்த ஆள் தின்கிறார் என்றா? முதல் பாதியைச் சொன்னாலே வேலை போகும். ஒப்பந்தம் முடிகிற நேரத்தில் விசாரணை என்று கப்பலிலேயே பிடித்து வைப்பார்கள். மகள் துறைமுகத்தில் நின்றுகொண்டிருப்பாள்.

மாமாவிடம் மட்டும் கேட்டான். வெற்றுக் குவளைகளைத் துடைத்துக்கொண்டே, சும்மா கேட்பது போல.

“ஆறாம் சீட்டுல யாராவது உக்காந்து பாத்தீங்களா மாமா?”

“தினமும் தண்ணி ஊத்தறேன், பாக்காம என்ன?”

அவன் கையில் குவளை நின்றுபோயிற்று. “ஆள் எப்படி இருப்பாரு?”

மாமா யோசித்தார். நிஜமாகவே முயன்று, நெற்றியைச் சுருக்கி யோசித்தார். “மொகமாடா? மொகம்... நாம எங்க மொகத்தைப் பாக்கறோம்? குவளையைப் பாக்கறோம், தட்டைப் பாக்கறோம்.” பிறகு ஏதோ நினைவு வந்தது போல அவனை மேலும் கீழும் பார்த்தார். “உன்ன மாதிரி நெட்டை. முந்தா நாளு இருந்ததைவிட இன்னைக்கு இன்னும் கொஞ்சம் உன்ன மாதிரி.”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். ஜக்கைத் தூக்கிக்கொண்டு போய், காலி நாற்காலிக்கு முன்னால் குனிந்து, முழுதாகத் தண்ணீர் ஊற்றினார்.

எட்டாம் மாலை கடைசி விருந்து. கடைசி மாலையில் வெயிட்டர்கள் எல்லோரும் வரிசையாகக் கைத்துணியைச் சுழற்றிக்கொண்டு மேசைகளுக்கு நடுவே வலம் வருவார்கள். பயணிகள் கைதட்டுவார்கள். அவனும் சுற்றினான். கால்கள் தாமாக நடந்தன. முகம் தானாகச் சிரித்தது. மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கரை. பெட்டி கட்டி அறையில் இருந்தது. போகும்போது போட்டுக்கொள்ள நீலச் சட்டை, மகள் தேர்ந்தெடுத்த சட்டை, கதவுக்குப் பின்னால் தொங்கியது.

உணவு பதியும் நேரத்துக்கு முன்பே கருவிக்குப் போனான். முதல் மாலையே செய்திருக்க வேண்டியதை இன்றாவது செய்துவிடுவது என்று முடிவு. அட்டையைச் செருகினான். முப்பத்தொன்று. ஆறு. ‘வரவில்லை.’

கருவி கொஞ்ச நேரம் யோசித்தது. வழக்கமாக அது யோசிக்காது.

பிறகு அருகிலிருந்த சின்ன அச்சுப்பெட்டி கரகரவென்று ஒரு சீட்டைத் துப்பியது. கூடத்துக் கருவியில் சீட்டு வருவதில்லை. சமையலறையில்தான் வரும். கிழித்தான்.

மேசை 31. நாற்காலி 6.
முதல் உணவு: வேண்டாம்.
முதன்மை உணவு: வேண்டாம். நாளை கரையில்.
விருப்பம்: எலும்போடு. இளசாக.

ஐந்நூறு பேரின் முணுமுணுப்பு எங்கோ தூரமாகப் போயிற்று. குதிகாலில் என்ஜின். காதில் தன் மூச்சு. மெதுவாகத் திரும்பி, தடுப்பின் ஓரத்திலிருந்து முப்பத்தொன்றாம் மேசையைப் பார்த்தான். ஓட்டுநர் ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா தங்கை சிரித்தார்கள். டாக்டரம்மா தன் இடப்பக்கம், ஆறாம் நாற்காலியை நோக்கித் திரும்பி, யாருக்கோ பதில் சொல்வது போலத் தலையை ஆட்டினார். பிறகு கையை நீட்டினார். ஐந்து விரல்களையும் விரித்து. கட்டைவிரலைத் தொட்டு, அடுத்ததைத் தொட்டு, அதற்கும் அடுத்ததை.

சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அவன் ஓடினான். வெயிட்டர் கூடத்தில் ஓடக்கூடாது. ஓடினான். மேசைக்கு வந்தபோது மெத்தை எழும்பிக்கொண்டிருந்தது.

“என்ன கேட்டாரு மேடம்? உங்ககிட்ட என்ன கேட்டாரு?”

“யாரு தம்பி?” டாக்டரம்மா அவனை வியப்பாகப் பார்த்தார். “நீங்கதானே கேட்டீங்க. எந்த விரல்ல ஆரம்பிக்கணும்னு.”

கருவிக்குத் திரும்பி வந்தான். அட்டை செருகியிருந்த இடம் காலி. தரையில் தேடினான். அலமாரிக்கு அடியில், ரொட்டிக் கூடைகளுக்குள், அழுக்குத்துணிப் பைக்குள் தேடினான். மாமாவும் தேடினார். “விடு நெட்டை, காலைல எறங்குவாசல்ல சொன்னா வேற போட்டுக் குடுப்பாங்க. கடைசி நாள்ல அட்டை தொலைக்கறது புதுசா?”

அறைக்குப் போக மனம் வரவில்லை. பணியாளர் படிக்கட்டில், விளக்குக்கு நேர்கீழே, ஆட்கள் போய் வரும் இடமாகப் பார்த்து உட்கார்ந்தான். விழித்திருப்பதாகத்தான் நினைத்தான். ஒன்பது மாதத் தூக்கம் அவனை அங்கேயே பிடித்துக்கொண்டது.

எழுப்பியது அமைதி. என்ஜின் நின்றிருந்தது. ஒன்பது மாதமாகக் காலில் இருந்த அதிர்வு திடீரென்று இல்லாமல் போனால் காது வலிக்கும். மணி ஒன்பதரை.

அறைக்கு ஓடினான். பெட்டி இல்லை. தொலைபேசியும் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது. கதவுக்குப் பின்னால் வெறும் கொக்கி.

கப்பலிலிருந்து இறங்குவதற்கு ஒரே ஒரு வாசல். அங்கே ஓர் இயந்திரம். அட்டையைக் காட்டினால் ‘டிங்’ என்று ஒரு சத்தம், திரையில் முகம், கணக்கில் ஒரு ஆள் குறைவு. கப்பலில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது எந்த நொடியிலும் அந்த இயந்திரத்துக்குத் தெரியும். தீ பிடித்தாலும் மூழ்கினாலும் அந்த எண்ணை வைத்துத்தான் தேடுவார்கள். அதனால் அதனோடு யாரும் வாதம் செய்வதில்லை. காவலுக்கு நின்ற பெண் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

“அண்ணே, நீங்க எறங்கியாச்சு.”

“நான் இங்கதாம்மா நிக்கிறேன்.”

“பன்னெண்டு நிமிஷம் முன்னாடி. உங்க அட்டை. உங்க மொகம். நானே பெட்டியைத் தூக்கி வச்சேன். நீலச் சட்டை.” அவள் குரல் இறங்கியது. “உங்களுக்கு... கூடப் பொறந்தவங்க யாராவது வேலை பாக்கறாங்களா?”

“என் பொண்ணு வெளியில நிக்கிறா. என்னை விடும்மா.”

“கணக்குல இல்லாத ஆளை எப்படிண்ணே விடறது?” கம்பிக் கதவை இழுத்துச் சாத்தினாள். “மேலதிகாரியைக் கூப்பிட்டிருக்கேன். பத்து நிமிஷம். உள்ள போய் உக்காருங்க.”

பத்து நிமிடம்.

படிகளில் மேலே ஓடினான். துறைமுகத்து மேடை கப்பலின் இடது பக்கம். இடது பக்கத்தில் மேடையை நேராகப் பார்க்கும் ஜன்னல் எது என்று அவனுக்குத் தெரியும். உணவுக்கூடத்தில் யாருமில்லை. மேசைகளையெல்லாம் அடுத்த பயணத்துக்கு விரித்து வைத்திருந்தார்கள். முப்பத்தொன்றில் ஆறு துணி, ஆறு குவளை. ஜன்னலை எட்ட வேண்டுமானால் ஆறாம் நாற்காலியில்தான் உட்கார வேண்டும். ஒன்பது மாதத்தில் முதல் முறையாக, அந்தக் கூடத்தில், ஒரு நாற்காலியில் உட்கார்ந்தான். மெத்தை அவன் உடம்புக்கு அளவெடுத்தது போல அமுங்கியது.

கீழே வெயில். மஞ்சள் கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் கூட்டம். கூட்டத்துக்கு முன்னால் அவன் மனைவி. அவள் காலைக் கட்டிக்கொண்டு மகள்.

அவர்களை நோக்கி ஒரு நீலச் சட்டை போய்க்கொண்டிருந்தது. அவன் நடை. களைத்த, குதிகாலை இழுத்த நடை.

கண்ணாடியை அடித்தான். இரண்டு விரல் தடிமன். அலை மோதினாலும் உடையாத கண்ணாடி. கத்தினான். கத்தியது கூடத்துக் கம்பளங்களில் விழுந்து அடங்கியது. எழுந்திருக்க நினைத்தான். கால்கள் கேட்கவில்லை.

மனைவி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், சிரித்தாள். மகள் அம்மாவுக்குப் பின்னால் ஒளிந்தாள். எட்டிப் பார்த்தாள். மறுபடி ஒளிந்தாள். மனைவி ஏதோ சொல்ல, மெல்ல வெளியே வந்தாள். கையில் ஒரு மிட்டாய். அப்பாவுக்கென்று வைத்திருப்பதாகத் தொலைபேசியில் சொன்ன மிட்டாய். நீட்டினாள்.

நீலச் சட்டை வாங்கியது. வாயில் போட்டது.

காகிதத்தோடு.

மனைவி சிரித்தாள். விளையாட்டு என்று நினைத்திருப்பாள். மகள் சிரிக்கவில்லை. அண்ணாந்து அந்த முகத்தையே பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அவளுக்கு நிச்சயமில்லை. அவன் மகள் கெட்டிக்காரி. அவளுக்கு நிச்சயமில்லை.

அதனால், சொல்லி வைத்தபடியே, கையை நீட்டினாள். ஐந்து விரல்களையும் விரித்து.

நீலச் சட்டை மண்டியிட்டது. அந்தச் சின்னக் கையை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டது, சூடான தட்டை வாங்குவது போல, சிந்தாமல்.

மகள் சிரித்துவிட்டாள்.

முதலில் கட்டைவிரல்.